மோனோவும் எபியும் சேர்ந்தால் ஐசோ ஆகிவிடாது

கணங்களோடு பழகியவர்களுக்கு ஒரு விஷயம் மனப்பாடம்: ஒரு சார்பு ஒன்றுக்கொன்றானதாகவும் மேல் சார்பாகவும் இருந்தால் அதற்கு நேர்மாறு உண்டு. கேட்டகரி தியரிக்குள் (பொருள்களையும் அவற்றுக்கு இடையே போகும் அம்புகளையும் மட்டும் வைத்துப் பேசும் கணிதத்துக்குள்) வந்ததும் பலர் முதலில் செய்வது, ஒன்றுக்கொன்றானதற்கு மோனோமார்ஃபிசம், மேல் சார்புக்கு எபிமார்ஃபிசம், இருபுறச் சார்புக்கு ஐசோமார்ஃபிசம் என்று மனதில் ஓர் அட்டவணை போட்டுக்கொள்வது. கணங்களின் கேட்டகரியில் அட்டவணையின் மூன்று வரிகளும் சரிதான். அங்கிருந்து வெளியே வந்தால் மூன்றுமே ஏதாவது ஓர் இடத்தில் காலை வாரும். எங்கே, ஏன் வாருகிறது, அதைச் சரிசெய்ய எவ்வளவு கூடுதல் பலம் தேவை என்பதுதான் இந்தப் பதிவு.

குறியீடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். க, ச, ட, த என்பவை பொருள்கள். ப : க → ச என்றால் க-விலிருந்து ச-வுக்குப் போகும் ஓர் அம்பு, அதாவது ஒரு மார்ஃபிசம். ம ∘ ப என்றால் முதலில் ப, பிறகு ம. ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்றுமே செய்யாத ஒரு சமனி அம்பு உண்டு. ஐலன்பெர்க்கும் மக்லேனும் 1945-ல் வரையறுத்த கேட்டகரியில் இவ்வளவுதான் சரக்கு. பொருள்களுக்குள்ளே உறுப்புகள் இருக்கின்றனவா என்று கேட்கவே முடியாது. ஆகவே ஓர் அம்பைப் பற்றி எதைச் சொல்வதானாலும் அதை மற்ற அம்புகளோடு சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீக்கல் ஒன்று, நேர்மாறு வேறு

ப ∘ ந = ப ∘ ல என்று வரும்போதெல்லாம் ந = ல என்று முடிவுகட்ட முடிந்தால் ப ஒரு மோனோ. ந ∘ ப = ல ∘ ப என்று வரும்போதெல்லாம் ந = ல என்றால் ப ஒரு எபி. ஒன்றில் ப-வை இடப்பக்கத்திலிருந்து நீக்குகிறோம், மற்றதில் வலப்பக்கத்திலிருந்து.

ர ∘ ப = சமனி என்று ஓர் அம்பு ர கிடைத்தால் ப ஒரு ஸ்ப்ளிட் மோனோ. ப ∘ வ = சமனி என்று ஓர் அம்பு வ கிடைத்தால் ப ஒரு ஸ்ப்ளிட் எபி. இரண்டு பக்கமும் கிடைத்தால் ஐசோ. அப்போது ர-வும் வ-வும் தனித்தனியாக இருக்க வழியில்லை:

ர = ர ∘ (ப ∘ வ) = (ர ∘ ப) ∘ வ = வ

மேலே உள்ள இரண்டு பத்திகளும் ஒரே மாதிரி தெரிந்தாலும் அவற்றின் தர்க்க வடிவம் வேறு. மோனோ, எபி இரண்டும் “எந்த இரண்டு அம்புகளை எடுத்தாலும்” என்று தொடங்குபவை. ஸ்ப்ளிட் வகைகள் “இப்படி ஓர் அம்பு இருக்கிறது” என்பவை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். “எந்த அம்பை எடுத்தாலும்” என்பது அந்தக் கேட்டகரியில் குடியிருக்கும் எல்லாரையும் பொறுத்தது. புதிதாகச் சில பொருள்களைச் சேர்த்தால் எபி கெடலாம், சிலவற்றை நீக்கினால் எபி இல்லாதது எபி ஆகலாம். “ஓர் அம்பு இருக்கிறது” என்பதற்கு அந்தக் கவலை இல்லை. ர ∘ ப = சமனி என்ற சமன்பாட்டை எந்த ஃபங்க்டர் (ஒரு கேட்டகரியின் பொருள்களையும் அம்புகளையும் சேர்ப்பு கெடாமல் இன்னொரு கேட்டகரிக்கு மாற்றும் விதி) வழியாக அனுப்பினாலும் அது சமன்பாடாகவே போய்ச் சேரும். அதனால் ஸ்ப்ளிட் மோனோ, ஸ்ப்ளிட் எபி, ஐசோ மூன்றையும் எல்லா ஃபங்க்டர்களும் காப்பாற்றும். வெறும் மோனோவுக்கும் எபிக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

ஸ்ப்ளிட் ஜோடிக்கு நிரல் எழுதுபவர்கள் அன்றாடம் பார்க்கும் உதாரணம் ஒன்று உண்டு. இயல் எண்ணை இலக்கச் சரமாக மாற்றும் சார்பு “எழுது”. காலியில்லாத இலக்கச் சரத்தை எண்ணாக மாற்றும் சார்பு “வாசி”. 7-ஐ எழுதி வாசித்தால் 7 திரும்பி வரும், அதாவது வாசி ∘ எழுது = சமனி. எழுது ஒரு ஸ்ப்ளிட் மோனோ, வாசி ஒரு ஸ்ப்ளிட் எபி. திருப்பிப் போட்டால் கதை வேறு: “007” என்ற சரத்தை வாசித்து எழுதினால் “7” வரும். எழுது ∘ வாசி சமனி அல்ல. ஆனால் அதை இரண்டு முறை செய்தாலும் ஒரு முறை செய்ததும் ஒன்றே. ஸ்ப்ளிட் ஜோடி எதிலுமே தலைகீழ்ச் சேர்ப்பு இப்படி ஒரு ஐடெம்பொட்டன்ட்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் நடுவில் வரும் வாசி ∘ எழுது சமனியாகிக் காணாமல் போய்விடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சோதித்துவிட்டு இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு என்று எழுதிவைக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது. இன்னொன்று: வாசி-க்கு எழுது மட்டுமே வலப்பக்கத் துணை அல்ல. முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு எழுதினாலும், இரண்டு போட்டு எழுதினாலும் வாசித்தால் அதே எண்தான். ஸ்ப்ளிட் எபி என்று தெரிந்துவிட்டால் வ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், அது தனித்தது என்று அல்ல.

சேர்ப்பு பற்றிய விதிகள் சுருக்கமானவை. ம ∘ ப மோனோ என்றால் ப மோனோ, ம-வைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ம ∘ ப எபி என்றால் ம எபி, ப-வைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் ஓடுவது மோனோவை வாங்கிக்கொள்கிறது, கடைசியில் ஓடுவது எபியை வாங்கிக்கொள்கிறது. சமனி மோனோ என்பதால் ஸ்ப்ளிட் மோனோ எல்லாம் மோனோ, அதே போல ஸ்ப்ளிட் எபி எல்லாம் எபி. தேர்வில் இதை மாற்றி எழுதுபவர்கள் அதிகம். சந்தேகம் வந்தால் எழுது, வாசி ஜோடியை மனதில் ஓட்டிப் பார்த்தால் போதும்.

அடுத்தது, பாதி வழியில் நிற்கும் ஒரு முடிவு. ப மோனோ, கூடவே ஸ்ப்ளிட் எபி என்று வைத்துக்கொள்வோம். ப ∘ வ = சமனி என்பதால்

ப ∘ (வ ∘ ப) = (ப ∘ வ) ∘ ப = ப = ப ∘ சமனி

ப மோனோ. அதை இடப்பக்கத்திலிருந்து நீக்கினால் வ ∘ ப = சமனி. ஆக ப ஐசோ. இரண்டு பக்கமும் ஸ்ப்ளிட் ஆக இருக்கத் தேவையில்லை, ஒரு பக்கம் பலமாக இருந்தால் மறுபக்கத்துக்கு நீக்கல் போதும். அந்தப் பலமான பக்கத்தை எவ்வளவு தூரம் தளர்த்தலாம் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

கணங்களில் எல்லாம் ஏன் சரியாக வருகிறது

கணங்களில் மோனோவைச் சோதிக்க ஓர் உறுப்புக் கணம் ஒன்று போதும். ப ஒன்றுக்கொன்றானது அல்ல என்றால் இரண்டு வெவ்வேறு உறுப்புகள் ஒரே இடத்துக்குப் போகின்றன. ஓர் உறுப்புக் கணத்திலிருந்து அந்த இரண்டையும் சுட்டும் இரண்டு சார்புகளை எடுத்தால் ப-வை நீக்க முடியாது. எபிக்கு 0, 1 என்ற இரண்டு உறுப்புகள் கொண்ட கணம் போதும். ச-வில் ஓர் உறுப்பை ப தொடவில்லை என்றால், ஒரு சார்பு எல்லாவற்றையும் 0-க்கு அனுப்பட்டும், இன்னொன்று அந்த ஓர் உறுப்பை மட்டும் 1-க்கு அனுப்பட்டும். ப-வுக்குப் பின் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கணங்களில் எபி எல்லாம் ஸ்ப்ளிட் ஆகும் என்பது தேர்வு அடிகோளுக்குச் சமானமான கூற்று. ச-வின் ஒவ்வோர் உறுப்புக்கும் மேலே இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதுவே வ. மோனோ பக்கத்தில் தேர்வு தேவையில்லை, ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு: வெற்றுக் கணத்திலிருந்து வெற்றில்லாத கணத்துக்குப் போகும் சார்பு மோனோ, ஸ்ப்ளிட் அல்ல. திரும்பி வர சார்பே கிடையாது.

இந்தச் சோதனைப் பொருள்கள் எல்லாக் கேட்டகரியிலும் கிடைப்பதில்லை. அங்கேதான் அட்டவணை உடைகிறது.

மிக எளிய உடைப்பு பகுதி வரிசைக் கணங்களில் நடக்கிறது. உறுப்புகள் சிலவற்றை ≤ என்று ஒப்பிடக்கூடிய கணம் அது, அந்த உறுப்புகளே இங்கே பொருள்கள். க ≤ ச என்றால் ஓர் அம்பு, இல்லையென்றால் அம்பு இல்லை. எந்த இரண்டு பொருள்களுக்கு நடுவிலும் அதிகபட்சம் ஒரே ஓர் அம்பு என்பதால் ந, ல என்று வெவ்வேறாக இரண்டு கிடைக்கவே கிடைக்காது. எல்லா அம்புகளும் மோனோ, எல்லா அம்புகளும் எபி. ஐசோ சமனிகள் மட்டுமே. ஒரே ஆள் ஓடும் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கியது போலத்தான் இந்த எபி.

வளையங்கள்

வழக்கமாகக் காட்டும் உதாரணம், முழு எண்களிலிருந்து விகிதமுறு எண்களுக்குப் போகும் உள்ளடக்கம், அதாவது ஒவ்வொரு முழு எண்ணையும் அதே எண்ணுக்கு அனுப்பும் அம்பு. 1 உள்ள வளையங்களை (கூட்டல், கழித்தல், பெருக்கல் செய்யக்கூடிய அமைப்புகளை) எடுத்துக்கொள்கிறோம், மார்ஃபிசங்கள் கூட்டலையும் பெருக்கலையும் காத்து 1-ஐ 1-க்கு அனுப்ப வேண்டும். இந்த அம்பு மேல் சார்பு அல்ல, 1/2-ஐத் தொடவே இல்லை. ஆனாலும் எபி. விகிதமுறு எண்களிலிருந்து ஏதோ ஒரு வளையத்துக்கு ந, ல என்று இரண்டு மார்ஃபிசங்கள், முழு எண்கள் மேல் இரண்டும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது

ந(1/2) = ந(1/2) · ல(2) · ல(1/2) = ந(1/2) · ந(2) · ல(1/2) = ல(1/2)

முதல் சமத்தில் ல(2) · ல(1/2) = 1 என்று நுழைத்தோம். அடுத்ததில் ல(2) = ந(2) என்று மாற்றினோம். மூன்றாவதில் ந(1/2) · ந(2) = 1. 2-க்குப் பதில் எந்தப் பூஜ்யமல்லாத முழு எண்ணைப் போட்டாலும் இதே வரிதான். போய்ச் சேரும் வளையத்தில் பெருக்கல் பரிமாற்று விதிக்கு உட்பட வேண்டியதுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்மாறு ஒன்று இருந்தால் அது தனித்தது என்ற ஒரே உண்மை முழு வேலையையும் செய்கிறது. இயல் எண்களிலிருந்து முழு எண்களுக்குப் போகும் உள்ளடக்கம், கூட்டலோடு, மோனாய்டுகளில் (ஒரே ஒரு செயலும் அதற்கான சமனி உறுப்பும் உள்ள அமைப்புகளில்) எபியாக இருப்பதற்கும் இதே நிரூபணம் போதும்: −1 எங்கே போக வேண்டும் என்பதை 1 போகும் இடமே தீர்மானித்துவிடுகிறது.

எபி என்பதன் உண்மையான சாரம் இங்கே தெரிகிறது. ப எல்லா இடத்தையும் தொட வேண்டும் என்று அது கேட்கவில்லை. ப தொட்ட இடங்களில் ஓர் அம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று சொன்னால் மற்ற இடங்களில் அது என்ன செய்யும் என்பது தீர்மானமாகிவிட வேண்டும், அவ்வளவுதான். ஹவுஸ்டார்ஃப் வெளிகளில் (எந்த இரண்டு புள்ளிகளையும் ஒன்றையொன்று தொடாத திறந்த கணங்களால் பிரிக்கக்கூடிய வெளிகளில்) விகிதமுறு எண்களிலிருந்து மெய்யெண்களுக்குப் போகும் உள்ளடக்கம் எபியாவதும் அதனால்தான். அடர்ந்த ஒரு பகுதியில் ஒன்றுபடும் இரண்டு தொடர்ச்சியான சார்புகள் எல்லா இடத்திலும் ஒன்றுபட்டாக வேண்டும். அரைக்குலங்களில் (சமனி உறுப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத மோனாய்டுகளில்) எந்த உறுப்புகள் இப்படித் தீர்மானமாகும் என்பதை 1966-ல் இஸ்பெல் நிறுவிய ஸிக்ஸாக் தேற்றம் துல்லியமாகச் சொல்கிறது. மேலே உள்ள மூன்று சமங்கள் அந்த ஸிக்ஸாக்கின் மிகச் சிறிய வடிவம்.

மோனோ பக்கத்தில் உடைப்பது சற்றுக் கடினம். காரணம் உண்டு. வழக்கமான இயற்கணிதக் கேட்டகரிகளில் ஓர் உறுப்பால் பிறக்கும் சுதந்திரப் பொருள் ஒன்று இருக்கும், அதாவது அந்த உறுப்பை எங்கே அனுப்பினாலும் அதற்கு ஒரே ஓர் அம்பு கிடைக்கும். குலங்களுக்கு (எல்லா உறுப்புக்கும் நேர்மாறு உள்ள மோனாய்டுகளுக்கு) அது முழு எண்கள். அது ஓர் உறுப்புக் கணத்தின் வேலையைச் செய்துவிடும், ஆகவே அங்கெல்லாம் மோனோ என்றால் ஒன்றுக்கொன்றானதுதான். அந்தப் பொருளைப் பிடுங்கிவிட்டால்? வகுபடும் எபீலியன் (பரிமாற்று விதிக்கு உட்படும்) குலங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உறுப்பையும் எந்த மிகை முழு எண்ணாலும் வகுக்க முடிய வேண்டும் என்பது நிபந்தனை. முழு எண்கள் இங்கே இல்லை. விகிதமுறு எண்களிலிருந்து, அவற்றை முழு எண்களால் பகுத்து வரும் ஈவுக் குலத்துக்கு (முழு எண் அளவு வித்தியாசப்படும் எண்களை ஒன்றாகவே எண்ணும் குலத்துக்கு) போகும் ப-வைப் பாருங்கள். எல்லா முழு எண்களும் 0-க்குப் போகின்றன, ஒன்றுக்கொன்றானது அல்ல. ஆனால் ப ∘ ந = ப ∘ ல என்றால் ந − ல என்ற வித்தியாசத்தின் மதிப்புகள் எல்லாமே முழு எண்கள். ஏதோ ஓர் உறுப்பில் அந்த மதிப்பு 5 என்று வைத்துக்கொள்வோம். அந்த உறுப்பை 10-ஆல் வகுத்து வரும் உறுப்பில் மதிப்பு 1/2 ஆக வேண்டும். 1/2 முழு எண் அல்ல, முரண்பாடு. 5-க்குப் பதில் பூஜ்யமல்லாத எந்த எண் வந்தாலும் அதன் இரு மடங்கால் வகுத்தால் இதே கதி. ஆக ந = ல. ப மோனோ.

ஒரே அம்பு, இரண்டு கேட்டகரி

எபி என்பது அம்பின் தனிச்சொத்து அல்ல என்பதைக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் களங்களில் (பூஜ்யமல்லாத எதனாலும் வகுக்கக்கூடிய பரிமாற்று வளையங்களில்) இருக்கிறது. 0, 1 என்ற இரண்டே உறுப்புகள் கொண்ட களத்தின் மேல் ய என்ற மாறியில் எழுதும் விகிதமுறு கோவைகளின் களம் ச. அதற்குள் ய² மட்டும் வைத்து எழுதக்கூடியவற்றின் களம் க. ப என்பது க-விலிருந்து ச-வுக்கு உள்ளடக்கம்.

களங்களின் கேட்டகரியில் ப எபி. ச-விலிருந்து வேறொரு களத்துக்கு ந, ல என்ற இரண்டு அம்புகள் க மேல் ஒன்றுபட்டால் ந(ய)² = ல(ய)². இங்கே 2 = 0 என்பதால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமும் வித்தியாசத்தின் வர்க்கமும் ஒன்றே, அதாவது (ந(ய) − ல(ய))² = 0. களத்தில் வர்க்கம் பூஜ்யமானால் எண்ணும் பூஜ்யம். ந(ய) = ல(ய), ஆகவே ந = ல.

இதே ப-வைப் பரிமாற்று வளையங்களின் கேட்டகரியில் வைத்துப் பாருங்கள். இப்போது ச-வோடு ஈ² = 0 என்ற புதிய உறுப்பு ஈ-யைச் சேர்த்த வளையமும் ஒரு பொருளாகிவிடுகிறது. ந என்பது ய-வை ய-வுக்கே அனுப்பட்டும், ல என்பது ய-வை ய + ஈ-க்கு அனுப்பட்டும். (ய + ஈ)² = ய² + 2யஈ + ஈ² = ய². இரண்டும் க மேல் ஒன்று, ச மேல் வேறு. ப எபி அல்ல.

ப மாறவில்லை, அதன் இரு முனைகளும் மாறவில்லை. வர்க்கம் பூஜ்யமாகும் உறுப்புகள் உள்ள பொருள்கள் உள்ளே வந்தன, எபி போய்விட்டது. “இந்தச் சார்பு எபியா?” என்று மட்டும் யாராவது கேட்டால் “எந்தக் கேட்டகரியில்?” என்று திருப்பிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

இதைப் பார்த்த பிறகு குலங்களில் எபி என்றால் மேல் சார்புதான் என்பது கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்க வேண்டும். வளையங்களைப் போலக் குலங்களிலும் நேர்மாறுகள் உண்டே. ஆனால் குலத்தில் நேர்மாறுகள் ஏற்கெனவே உள்ளேயே இருப்பதால் புதிதாக எதையும் தீர்மானிக்க அவை உதவுவதில்லை. நிரூபணம் அழகானது, 1970-ல் லிண்டர்ஹோம் வெளியிட்டது. ச என்ற குலத்துக்குள் ப-வின் வீச்சகம் த என்ற உட்குலம். த-வின் இடது கோசெட்கள் (த-வை ச-வின் ஓர் உறுப்பால் இடப்பக்கம் பெருக்கி வரும் கணங்கள்) எல்லாவற்றையும் எடுத்து, அவற்றோடு கூடுதலாக ஒரே ஒரு புள்ளியைச் சேருங்கள். ச-வின் உறுப்புகள் கோசெட்களை இடப்பெருக்கலால் நகர்த்தும், கூடுதல் புள்ளியைத் தொடாது. இது ச-விலிருந்து வரிசைமாற்றங்களின் குலத்துக்கு ஒரு மார்ஃபிசம் ந. த என்ற கோசெட்டையும் கூடுதல் புள்ளியையும் இடம் மாற்றும் வரிசைமாற்றத்தை எடுத்து, ந-வுக்கு இரு பக்கமும் அதைப் போட்டால் வருவது ல. த-வுக்குள் உள்ள உறுப்பு அந்த இரண்டு புள்ளிகளையும் அசைக்காது, அதற்கு ந-வும் ல-வும் ஒன்று. த-வுக்கு வெளியே உள்ள உறுப்பை ந வழியாகப் பார்த்தால் அது த என்ற கோசெட்டை வேறிடத்துக்குத் தள்ளுகிறது, ல வழியாகப் பார்த்தால் த அசைவதில்லை. ஆகவே த முழு ச ஆக இல்லாவிட்டால் ப எபி இல்லை. கட்டுமானத்தில் ச முடிவுறு குலமாக இருந்தால் வரும் வரிசைமாற்றக் குலமும் முடிவுறு குலமே. அதனால் முடிவுறு குலங்களை மட்டும் வைத்த கேட்டகரியிலும் முடிவு மாறாது. மேலே களங்களில் பார்த்த விபத்துக்கு இங்கே இடமில்லை.

மோனோவும் எபியுமாக இருக்கும் அம்புக்கு பைமார்ஃபிசம் என்று பெயர். பைமார்ஃபிசம் எல்லாம் ஐசோ என்றால் அந்தக் கேட்டகரி பேலன்ஸ்டு. கணங்கள், குலங்கள், எல்லா எபீலியன் கேட்டகரிகளும் (எபீலியன் குலங்களைப் போல நடப்பவை), எல்லா டோபோஸ்களும் (கணங்களைப் போல நடப்பவை) பேலன்ஸ்டு. வளையங்கள், டோபாலஜி வெளிகள், பகுதி வரிசைகள் பேலன்ஸ்டு அல்ல. எண்டோமார்ஃபிசம், ஆட்டோமார்ஃபிசம் என்ற பெயர்களும் இதே பட்டியலில் வருகின்றன. ஆனால் அவை பலத்தைப் பற்றியவை அல்ல: தன்னிடமிருந்து தன்னிடமே போவது எண்டோ, அதுவே ஐசோவாகவும் இருந்தால் ஆட்டோ.

நடுவில் உள்ள படிகள்

இப்போது பாக்கி வைத்த கேள்வி. மோனோ + ஸ்ப்ளிட் எபி = ஐசோ. மோனோ + எபி ≠ ஐசோ. நடுவில் எங்கே கோடு?

எபிக்கும் ஸ்ப்ளிட் எபிக்கும் இடையில் மூன்று படிகள் உண்டு. ப என்பது ஏதாவது ஒரு ஜோடி ந, ல : ட → க-வின் கோஈக்வலைசர் என்றால் ரெகுலர் எபி. அதாவது ப ∘ ந = ப ∘ ல, மேலும் இதே சமன்பாட்டைத் தரும் எந்த அம்பும் ப வழியாக, ஒரே ஒரு விதமாக, போக வேண்டும். ஸ்ட்ராங் எபி என்றால், ப எபி, கூடவே எந்த மோனோ ம : ட → த-வுக்கும், ம ∘ உ = வ ∘ ப என்று மூடும் எந்தச் சதுரத்துக்கும் (உ : க → ட, வ : ச → த; சதுரத்தில் வரும் இந்த வ முன்பு பார்த்த வலப்பக்கத் துணை அல்ல) ஒரு மூலைவிட்டம் ழ : ச → ட இருக்க வேண்டும்: ழ ∘ ப = உ, ம ∘ ழ = வ. எக்ஸ்ட்ரீமல் எபி என்றால், ப எபி, கூடவே ப = ம ∘ ந என்று எப்படிப் பிரித்தாலும் ம மோனோவாக இருந்தால் அது ஐசோவாகவும் இருக்க வேண்டும். ப-வை ச-வின் உண்மையான உட்பொருள் எதற்குள்ளும் அடைக்க முடியாது என்பது இதன் சாரம்.

ஸ்ப்ளிட் ⇒ ரெகுலர் ⇒ ஸ்ட்ராங் ⇒ எக்ஸ்ட்ரீமல் ⇒ எபி என்று வரிசை போகிறது.

ப ∘ வ = சமனி என்றால் ப என்பது வ ∘ ப, சமனி என்ற ஜோடியின் கோஈக்வலைசர். ந ∘ வ ∘ ப = ந என்றால் ந = (ந ∘ வ) ∘ ப, ஏற்கெனவே ப வழியாகத்தான் போகிறது. ரெகுலரிலிருந்து ஸ்ட்ராங்குக்குச் சதுரத்தை எடுத்துக்கொண்டு ம ∘ உ ∘ ந = வ ∘ ப ∘ ந = வ ∘ ப ∘ ல = ம ∘ உ ∘ ல என்று எழுதி, ம-வை நீக்கினால் உ ∘ ந = உ ∘ ல. கோஈக்வலைசர் ழ-வைக் கொடுத்துவிடும், மற்ற முக்கோணம் ப எபி என்பதால் மூடும். ஸ்ட்ராங்கிலிருந்து எக்ஸ்ட்ரீமலுக்கு ப = ம ∘ ந என்பதையே சதுரமாகப் பாருங்கள், கீழ்ப்பக்கம் சமனி. மூலைவிட்டம் ம ∘ ழ = சமனி என்கிறது. ம மோனோ, ஸ்ப்ளிட் எபி, ஆகவே ஐசோ.

கோடு எங்கே என்பதற்கு எக்ஸ்ட்ரீமல் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது. ப மோனோவும் எக்ஸ்ட்ரீமல் எபியும் என்றால், ப = ப ∘ சமனி என்று பிரியுங்கள். முன்னால் நிற்கும் ப மோனோ, எனவே அது ஐசோ. முடிந்தது. மோனோவோடு சேர்ந்து ஐசோ ஆவதற்கு எக்ஸ்ட்ரீமல் அளவுக்குப் பலம் போதும், அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. அம்புகளைத் திருப்பிப் போட்டால் ரெகுலர் மோனோ, ஸ்ட்ராங் மோனோ, எக்ஸ்ட்ரீமல் மோனோ, எல்லாம் அப்படியே வரும்.

ஒரு கேட்டகரியை முதன்முதலில் சந்திக்கும்போது இந்தப் படிகளில் எவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பது அதன் குணத்தை அறிய நல்ல வழி. எபீலியன் குலங்களில் எபி எல்லாம் ரெகுலர், ஆனால் ஸ்ப்ளிட் தனித்து நிற்கிறது: முழு எண்களிலிருந்து 2 உறுப்புக் குலத்துக்குப் போகும் ஈவு அம்புக்குத் திரும்பி வர வழியில்லை, ஏனென்றால் 2 உறுப்புக் குலத்திலிருந்து முழு எண்களுக்குப் பூஜ்ய அம்பு மட்டுமே உண்டு. வளையங்களில் ரெகுலர், ஸ்ட்ராங், எக்ஸ்ட்ரீமல் மூன்றும் ஒன்றே, மூன்றுமே மேல் சார்புகள். எபி மட்டும் கீழே தளர்ந்து கிடக்கிறது. புல்பேக்குகள் (ஒரே பொருளில் முடியும் இரண்டு அம்புகள் ஒத்துப்போகும் ஜோடிகளைத் திரட்டும் பொருள்கள்) உள்ள எந்தக் கேட்டகரியிலும் ஸ்ட்ராங்கும் எக்ஸ்ட்ரீமலும் ஒன்றுதான், அதனால் நடைமுறையில் அந்த இரண்டைப் பிரித்துப் பார்க்கும் தேவை அபூர்வம். புத்தகத்துக்குப் புத்தகம் இந்தப் பெயர்கள் இடம் மாறுவதும் உண்டு, வரையறையைப் பார்க்காமல் தேற்றத்தை எடுத்து ஒட்டினால் வம்பு.

டோபாலஜியில் (வெளிகள் பொருள்களாகவும் தொடர்ச்சியான சார்புகள் அம்புகளாகவும் உள்ள கேட்டகரியில்) இந்தப் படிகள் கண்ணுக்கே தெரியும். எபி என்றால் மேல் சார்பு, மோனோ என்றால் ஒன்றுக்கொன்றானது, இரண்டும் சேர்ந்தும் ஐசோ இல்லை. [0, 1) இடைவெளியை வட்டத்தைச் சுற்றி ஒரு முறை சுற்றும் சார்பு தொடர்ச்சியானது, இருபுறச் சார்பும் கூட. ஆனால் [0, 1/2) என்பது இடைவெளியில் திறந்த கணம், வட்டத்தில் அதன் பிம்பம் திறந்தது அல்ல, தொடக்கப் புள்ளிக்கு ஒரு பக்கம் மட்டுமே அது இருக்கிறது. இங்கே ரெகுலர் எபி என்றால் ஈவு டோபாலஜியோடு வரும் சார்பு, ரெகுலர் மோனோ என்றால் உள்வெளியாகப் பதிவது. “உட்பொருள் என்றால் மோனோ” என்ற வாக்கியத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரே கணத்தின் மேல் உள்ள நுண்ணிய டோபாலஜிகள் எல்லாமே உட்பொருள்களாகிவிடும். யாரும் உள்வெளி என்று சொல்லும்போது அதை நினைப்பதில்லை. ரெகுலர் மோனோ என்று சொன்னால்தான் எண்ணியது வரும். ஹவுஸ்டார்ஃப் வெளிகளுக்குள் சுருக்கினால் ரெகுலர் மோனோ என்பது மூடிய உள்வெளியாக மாறுகிறது. விகிதமுறு எண்கள் மெய்யெண்களுக்குள் மூடியவை அல்ல, அந்த உள்ளடக்கம் அங்கே எபி. ரெகுலர் மோனோவாகவும் இருந்திருந்தால் அது ஐசோ ஆகியிருக்கும், கணக்கு ஒத்துப்போகிறது.

ஃபங்க்டர்கள் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு ஃபங்க்டர்கள், ஒரு பக்கத்து அம்புகள் மறுபக்கத்து அம்புகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஜோடி சேர்ந்தால் ஒன்று இடது அட்ஜாயின்ட், மற்றது வலது அட்ஜாயின்ட். இடது அட்ஜாயின்ட் எபிகளைக் காக்கும், வலது அட்ஜாயின்ட் மோனோக்களைக் காக்கும், ஃபெய்த்ஃபுல் ஃபங்க்டர் (ஒரே முனைகள் கொண்ட வெவ்வேறு அம்புகளை வெவ்வேறாகவே வைப்பது) இரண்டையும் திருப்பிக் காட்டும், அதாவது போய்ச் சேர்ந்தது மோனோ அல்லது எபி என்றால் புறப்பட்டதும் அப்படியே. வளையத்தின் கூட்டலையும் பெருக்கலையும் மறந்து அதை வெறும் கணமாகப் பார்க்கும் ஃபங்க்டர் வலது அட்ஜாயின்ட். எனவே மோனோ ஒன்றுக்கொன்றானதாக இருக்கிறது, எபிக்கு எந்த வாக்குறுதியும் இல்லை.

ரெகுலருக்கும் ஸ்ட்ராங்குக்கும் இடையில் இடைவெளி உண்மையிலேயே இருக்கிறதா? சிறு கேட்டகரிகளின் கேட்டகரியில் (கேட்டகரிகளே பொருள்கள், ஃபங்க்டர்களே அம்புகள்) இருக்கிறது. தனித்தனியாக நிற்கும் இரண்டு அம்புகளை எடுங்கள்: ந : 1 → 2, ல : 3 → 4. முதல் படியாக 2-ஐயும் 3-ஐயும் ஒட்டுங்கள். இப்போது ல ∘ ந என்ற புதிய அம்பு பிறக்கிறது. மூலத்தில் அது இல்லை, ஆகவே இந்த ஒட்டல் ரெகுலர் எபியாக இருந்தும் அம்புகளின் மேல் மேல் சார்பு அல்ல. இரண்டாவது படியாக ல ∘ ந-வைச் சமனி ஆக்குங்கள், அதோடு 1-ம் 4-ம் ஒட்டிக்கொள்ளும். இதுவும் ரெகுலர் எபி. கடைசியில் மிஞ்சும் கேட்டகரியில் இரண்டு பொருள்கள், மொத்தம் 5 அம்புகள்: இரண்டு சமனிகள், ந, ல, ந ∘ ல. முதலில் பார்த்த எழுது, வாசி ஜோடியின் சுத்தமான எலும்புக்கூடு இது.

இரண்டு படிகளையும் ஒரே அம்பாகச் சேர்த்தால் அது ரெகுலர் அல்ல. புல்பேக்குகள் உள்ள இடத்தில் ரெகுலர் எபி என்பது தான் ஒன்றாக்கும் ஜோடிகளின் கோஈக்வலைசராகவே இருக்க வேண்டும். தொடக்கத்தில் இருந்த அம்புகளில் இந்தச் சேர்ப்பு ஒன்றாக்குவது 1-ன் சமனியையும் 4-ன் சமனியையும், 2-ன் சமனியையும் 3-ன் சமனியையும் மட்டுமே. ல ∘ ந சமனி ஆக வேண்டும் என்ற தகவல் அந்தப் பட்டியலில் வர வழியே இல்லை, ல ∘ ந அங்கே பிறக்கவே இல்லை. அந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஒட்டினால் கிடைப்பது ல ∘ ந, ல ∘ ந ∘ ல ∘ ந என்று முடிவில்லாமல் நீளும் அம்புகள் கொண்ட கேட்டகரி, 5 அம்புகள் கொண்டது அல்ல. ஆனால் ஸ்ட்ராங் எபிகள் சேர்ப்பில் கெடுவதில்லை, முதல் சதுரத்தின் மூலைவிட்டத்தை இரண்டாவது சதுரத்தின் மேல்பக்கமாகப் போட்டு மறுபடி மூலைவிட்டம் எடுத்தால் போதும். ஆகவே இந்தச் சேர்ப்பு ஸ்ட்ராங், ரெகுலர் அல்ல. ஒவ்வோர் அம்பையும் முதலில் ஓர் எபி, பிறகு ஒரு மோனோ என்ற சேர்ப்பாகப் பிரிக்கும் ஃபேக்டரைசேஷன் சிஸ்டங்களைப் பொதுவாக அமைக்கும்போது ரெகுலரை விட்டுவிட்டு ஸ்ட்ராங்கைக் கையில் எடுப்பதும் இதனால்தான்.